குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வர இருப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து இந்த ஆண்டு மட்டும் மூன்று குடும்பங்கள் கனடாவுக்குப் புறப்படுகின்றன. நான் ஸ்காபரோவில் பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்தவள். அதனால் விசா கிடைத்த கையோடு எல்லோரும் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் வீட்டுக்கு வந்து, அங்குள்ள குளிரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகிறார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் உடுப்பைப் பற்றித்தான்: ஜக்கெற்றைப் புறக்கோட்டையில் வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா, பிள்ளைகளுக்கு எத்தனை சோடி காலுறை வேண்டும் என்பவை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என் அக்காவின் குடும்பத்தை அழவைத்தது உடுப்புக் குறை அல்ல. நல்ல பழக்கம் என்று கொழும்பில் சிறுவயது முதல் நாம் கற்றுக்கொண்ட ஒரு காரியமே அவர்களை அழவைத்தது. வந்து கேட்பவர்கள் அதைப் பற்றி ஒருபோதும் கேட்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இறங்கிய முதல் வாரத்தில் செய்யவேண்டிய அலுவல்களான சமூகக் காப்புறுதி எண், வங்கிக் கணக்கு, ஒன்ராறியோ மருத்துவ அட்டை ஆகியவற்றுக்கு அங்குள்ள உறவினர் எவரும் கைபிடித்து அழைத்துச் செல்வார்கள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடித்த ஒரே உடுப்பைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக அணியும் மூன்று மெல்லிய உடுப்புகள் கூடுதலாகச் சூட்டைத் தாங்கும். உடலோடு ஒட்டியிருப்பது பருத்தியாக இருக்கக்கூடாது, ஏனென்றால் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச்செய்யும். பனிச்சப்பாத்தைப் பொருத்தவரை அங்கே போய் வாங்குவதே சரி. வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு, காற்றையும் சேர்த்து உடல் உணரும் குளிருக்கு இன்னோர் எண் சொல்வார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான். அது மறை 28க்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையலாம். மறை 40ஐத் தொட்டால் ஐந்து, பத்து நிமிடங்களே போதும். காதும் மூக்கு நுனியும் விரல்களும்தான் முதலில் மரத்துப்போகும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லின்மேல் படியும் துகள் உறைபனியைப் பார்த்துவிட்டு, குளிர் என்றால் என்னவென்று தெரியும் என்று எவரும் எண்ணவேண்டாம்.

வீட்டுக்குள் குளிர் தெரியாது. வெப்பமூட்டி இயங்குவதால் உள்ளே 20, 21 பாகையில் எப்போதும் ஒரே சீராக இருக்கும். அந்தச் சீரான சூட்டிலும் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்தே கிடக்கும், ஏனென்றால் அது உருகுவதற்கு ஏறக்குறைய 24 பாகை வேண்டும். முதல் ஆண்டில் ஒவ்வொரு காலையும் போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்திவைத்து எண்ணெய் உருகும்வரை காத்திருந்தபோது எனக்கு ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்திருக்கிறது. அறையின் சூடு எண்ணெய்க்குப் போதாவிட்டாலும் குழாய்களுக்குப் போதும். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஓடும் தண்ணீர்க்குழாய்களை உறையாமல் வைத்திருப்பது அந்தச் சூடு ஒன்றுதான். இதை எங்களில் எவரும் அன்று யோசிக்கவில்லை.

அக்காவும் அத்தானும் கனடாவுக்குப் போய் முதல் ஆறு ஆண்டுகள் மாடிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கே வெப்பமூட்டுவதைக் கட்டட நிர்வாகமே பார்த்துக்கொண்டது. இவர்கள் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்லை. பிறகு ஸ்காபரோவில் சொந்தமாக வீடு வாங்கினார்கள். வாங்கிய முதல் குளிர்காலத்தில், தை மாதத்தில் என் மகளின் திருமணம் கொழும்பில் நடந்தது. மூன்று வாரம் நிற்பதற்காக இருவரும் பிள்ளைகளோடு வந்தார்கள்.

கொழும்பில் நாம் வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திருவிழாவுக்குப் போவதென்றால் என்ன செய்வோம்? மெயின் சுவிட்சை அணைப்போம், காஸ் சிலிண்டரை மூடுவோம், நீர்த்தாங்கியிலிருந்து வரும் வால்வையும் திருகிவிடுவோம். அத்தானும் அந்த ஒழுங்கிலேயே வளர்ந்தவர். ஆளில்லாத வீட்டை மூன்று வாரம் சூடாக்கி எரிவாயுக் கட்டணம் கட்டுவது வீண் செலவு என்று, ஃபேர்னஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த வெப்பமூட்டியை அதன் சுவிட்சிலேயே அணைத்துவிட்டுப் புறப்பட்டார். தண்ணீரை மட்டும் மூடவில்லை. கூரையில் தாங்கி இல்லாத வீடு அது. தெருவிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு நிலக்கீழ் அறையில், மீற்றருக்குப் பக்கத்தில், பிரிக்காத பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

திருமணம் நன்றாக நடந்தது. நான்காம் சடங்கும் முடிந்து, உறவினர் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஓர் அதிகாலையில் அக்காவின் தொலைபேசி ஒலித்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி அழைத்திருந்தார். முன்கதவின் அடியால் தண்ணீர் வழிந்து படிகளில் பனிக்கட்டியாகப் படிந்திருக்கிறது என்றும், உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கிறது என்றும் அவர் சொன்னார். அக்கா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் வீட்டு நன்மைக்காக வந்த இடத்தில் அவளுக்கு இது நேர்ந்ததே என்ற வேதனை எனக்கு ஆறவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டோம். அவர்கள் புறப்பட்டு ஒரு வாரத்தில் துருவப்பகுதிக் குளிர்காற்று தெற்கே இறங்கி, நான்கு நாட்கள் இரவில் மறை 20க்குக் கீழே போயிருந்தது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடும். குழாயின் ஒரு பகுதியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, செப்புக்குழாய் வெடித்துவிடுகிறது. வெடித்த இடத்தைப் பனிக்கட்டியே அடைத்து நிற்பதால் அப்போது ஒரு சொட்டும் வெளியே வராது. குளிர் தணிந்து அது உருகத் தொடங்கியதும்தான் தண்ணீர் பாயும். அக்கா வீட்டில் மேல்மாடிக் குளியலறைச் சுவருக்குள் வெடித்த குழாய், குளிர் விட்ட பிறகு ஒன்றரை நாளாகக் கொட்டி, சமையலறைக் கூரையை இறக்கி, மரத்தரையை வளைத்து, நிலக்கீழ் அறையை முழங்காலளவு நிரப்பியது. எங்கள் அம்மம்மாவின் பட்டுச்சேலைகள் இரண்டு அந்த அறையில் இருந்தன.

திருத்தச் செலவு 61,000 டொலர். காப்புறுதி இருக்கிறது என்ற ஆறுதலோடு அத்தான் திரும்பிப் போனார். மூன்று கிழமையில் நிறுவனத்திடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் காட்டப்பட்டிருந்த பிரிவுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த விடயம்.

கனடாவின் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது: வெப்பமூட்டும் பருவத்தில் வீட்டில் ஆளில்லாமல் தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் இருந்தால், குழாய் உறைந்து ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. இதிலிருந்து தப்புவதற்கு வழிகளும் அதே பிரிவில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, வெப்பமூட்டி இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு நம்பகமான ஒருவர் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் சென்று வர ஏற்பாடு செய்திருக்கவேண்டும். அல்லது தண்ணீரை மூடி, குழாய்களிலும் சாதனங்களிலும் உள்ள நீர் முழுவதையும் வடித்திருக்கவேண்டும். நாட்களின் எண்ணிக்கையும் சொற்களும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் என்பதால், உங்களுடையதை நீங்களே வாசிக்கவேண்டும். அத்தானின் ஒப்பந்தம் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. அதை விற்றவர் தமிழர்; மாதக் கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய அவர், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊருக்கு வருகிற எங்கள் மக்களுக்கு இந்த ஒரு பிரிவை வாயால் சொல்லியிருக்கலாம். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எங்கள் திருமணங்கள் தையில் வருகின்றன, தைப்பொங்கலும் அப்போதுதான், பிள்ளைகளின் விடுமுறை மார்கழியில் விழுகிறது. ஆக, அங்கே மிகக் கொடிய குளிர் அடிக்கும் நாட்களில்தான் நாம் வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுகிறோம்.

ஆகவே புறப்படுவதற்கு முன் வெப்பமூட்டியை ஒருபோதும் அணைக்கவேண்டாம். தெர்மோஸ்டாட்டை 15, 16 பாகைக்குக் குறைத்துவைத்தால் கட்டணமும் ஓரளவு மிஞ்சும், குழாய்களும் தப்பும். தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்பதை வீட்டுக்குள் குடிபுகும் நாளன்றே தேடிக் கண்டுபிடித்து, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒருமுறை அதைத் திருகிப் பாருங்கள். பயணத்தின்போது அதை மூடிவிட்டு, மேல்மாடிக் குழாய்களையும் நிலக்கீழ் அறையின் மிகத் தாழ்ந்த குழாயையும் திறந்து நீரை வடியவிட்டு, கழிப்பறைத் தொட்டிகளையும் வெறுமையாக்குங்கள். சுடுதண்ணீர்த் தாங்கியை என்ன செய்வது என்பது அதன் வகையைப் பொறுத்தது. முதல் தடவை குழாய்வேலை தெரிந்த ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டுக் கற்றுக்கொள்வதில் நட்டம் இல்லை. வீட்டுக்கு வெளியே தோட்டத்துக்கென இருக்கும் குழாய்க்கு உள்ளே தனி வால்வு உண்டு. அதை ஐப்பசியிலேயே மூடிவிட்டு, வெளியே உள்ள குழாயைத் திறந்து வடியவிடவேண்டும்.

திறப்பை யாரிடம் கொடுப்பது என்ற இடத்தில்தான் எங்களவர் தயங்குகிறார்கள். வெள்ளவத்தையில் எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் போவதற்கு நாம் ஒரு கணமும் யோசிப்பதில்லை. அங்கே போனதும், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்றும், நம் வீட்டு நிலைமை பிறருக்குத் தெரியக்கூடாது என்றும் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அக்காவுக்கு அழைத்துச் சொன்ன அந்தப் பெண்மணி தமிழர் அல்லர், எழுபது வயதைத் தாண்டியவர். கேட்டிருந்தால் நாள்தோறும் போய்ப் பார்த்திருப்பேன் என்று பின்னர் அவரே சொன்னார். கேளுங்கள். திரும்பி வரும்போது அவருக்கு நல்ல தேயிலை கொண்டுபோய்க் கொடுங்கள். பார்த்துப்போன நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள், ஏனென்றால் நிறுவனம் கேட்கும்போது காட்டுவதற்கு அது ஒரு சான்றாக இருக்கும்.

நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் நிலை வேறு. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் மேல்வீட்டில், வீட்டுக்காரரின் கையில் இருக்கும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை குறைந்தது 21 பாகையில் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. சொல்லியும் கேளாவிட்டால் 311 என்ற எண்ணில் நகரசபைக்கு முறையிடலாம். உரிமையாளர் தமிழராயிற்றே, உறவு கெட்டுவிடுமே என்று குழந்தையைக் குளிரில் வைத்திருந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அப்படி இருக்கவேண்டாம். வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் பொருட்களுக்குச் செல்லாது என்பதையும் அறிந்து, வாடகைக்காரருக்குரிய காப்புறுதியைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கடுங்குளிர் வந்தால், வெளிச்சுவரை ஒட்டிய தொட்டியின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, குழாயை மெல்லியதாகச் சொட்டவிடுங்கள். திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய் உறைந்துவிட்டது என்று அறியலாம். தலைமயிர் உலர்த்தும் கருவியால் குழாய்வாய்ப் பக்கமிருந்து மெதுவாகச் சூடுகாட்டுங்கள், நெருப்பை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை கொட்டி ஏறக்குறைய மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றபோது நான் அங்கே இருந்தேன். மின்சாரம் இல்லாவிட்டால் எரிவாயு வெப்பமூட்டியும் நின்றுவிடும், ஏனென்றால் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தால் ஓடுகிறது. அந்த நாட்களில் கரியடுப்பையும் ஜெனரேட்டரையும் உள்ளே வைத்து நச்சுவாயுவுக்கு ஆளானவர்கள் இருந்தார்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பிராணிக்குக் கரி மூட்டிப் பழகிய நமக்கு இது மிகவும் தேவையான எச்சரிக்கை. அதற்குரிய எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகே இயங்குகிறதா என்று பாருங்கள். வெப்பமூட்டியின் புகை வெளியேறும் குழாய் சில வீடுகளில் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும். பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் அதன் வாயைத் துப்புரவாக்கவேண்டும்.

அக்கா இந்தத் தையிலும் வருகிறாள். நேற்று அவள் அனுப்பிய படத்தில் தெர்மோஸ்டாட் 16ஐக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் அருகே மேசையில் திறப்பும், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கென வாங்கிவைத்த புதிய கொப்பியும் இருந்தன.