மலைத்தோட்ட மண் அணைக்குப் போகாமல் இருக்க: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குந்தா, பில்லூர் அணைகளில் படியும் சேற்றில் மேலே உள்ள உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களின் மேல்மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. மண் காப்பு வேலைகள் நடக்காமல் இல்லை. ஆனால் பல வேலைகள் மண்ணைப் பிடிக்கப் பார்க்கின்றனவே தவிர, தண்ணீர் எங்கே போகும் என்று யோசிப்பதில்லை. ஒரு பெருமழையில் அவை உடையும்போது, வேலையே செய்யாமல் விட்டிருந்தால் போயிருக்கும் மண்ணைவிட அதிகம் போகிறது.

முதல் தவறு சரிவின் போக்கிலேயே பார் (பயிர் நடும் நீள மண்மேடு) பிடிப்பது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காக ஒவ்வொரு பாரின் பள்ளத்தையும் ஓடையாக்கத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே, 100 அடிக்கு அரை அடி மட்டும் இறங்கும்படி பார் பிடித்து, புல் வளர்த்த வடிகாலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். ஆழமாக வெட்டி, வெறும் மண்ணாக விட்ட வடிகால் இரண்டு பருவத்தில் பள்ளத்தாக்காகிவிடும். முதலில் வடிகாலை வெட்டிப் புல் பிடிக்கவிட்டு, பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

படித்தளம், அதாவது சரிவைப் படிப்படியாக வெட்டிய தளம், அமைப்பதில்தான் அதிகப் பிழைகள். தளம் வெளிப்புறம் சாய்ந்திருந்தால் விளிம்பு கரையும். உட்புறம் 40க்கு 1 சாய வேண்டும். அதாவது 3 மீட்டர் அகலத் தளத்தின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட ஏழரை சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். உள்விளிம்பை ஒட்டிச் சிறு வாய்க்கால் அவசியம். 25 சதவீதச் சரிவில் 3 மீட்டர் தளம் வேண்டுமென்றால் மண்சுவர் 1 மீட்டர் உயரும். அதை 1க்கு 1 என்று சாய்க்க இன்னொரு மீட்டர் இடம் போகும். அந்த இடத்தை மிச்சப்படுத்தச் சுவரைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். கல் அடுக்காத செங்குத்து மண்சுவர் ஈரம் ஏறினால் சரியும். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாகக் குவித்துவைத்து, தளம் முடிந்ததும் திரும்பப் பரப்பாவிட்டால் அடிமண்தான் மேலே கிடக்கும். பயிர் சரியாக மூடாது, மண் திறந்தே கிடக்கும். 33 சதவீதத்துக்கு மேல் சரிந்த நிலத்தில் காய்கறிக்காகப் படி வெட்டவே வேண்டாம். அங்கே மரமோ தேயிலையோதான் பொருந்தும்.

சமவெளியின் மானாவாரி நிலத்துக்கான சமமட்ட வரப்பை (ஒரே உயரத்தில் சாய்வில்லாமல் போடும் வரப்பை) இங்கே அப்படியே போடுவதும் ஆபத்து. குறைந்த மழையை நிலத்திலேயே நிறுத்த உருவானது அது; இங்கே பெருமழையில் தண்ணீர் போக வழியின்றி உடையும்.

ஓடையில் கட்டும் கல் தடுப்புக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். நடுவில் கலிங்கு (தண்ணீர் வழிந்தோடும் வாய்), ஓரத்தைவிடத் தாழ்வாக. இல்லாவிட்டால் வெள்ளம் கரையைச் சுற்றி அறுக்கும். இரு கரைக்குள்ளும் அரை மீட்டராவது கல்லைப் புதைக்க வேண்டும். தண்ணீர் விழும் இடத்தில், தடுப்பின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும். இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கீழ்த் தடுப்பின் கலிங்கு, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமான உயரத்தில் வர வேண்டும். ஓடைச் சரிவு 10 சதவீதம், கலிங்கு உயரம் 1 மீட்டர் என்றால் 10 மீட்டருக்கு ஒன்று. மேலே தோட்டங்களைச் சரிசெய்யாமல் கீழே மட்டும் கட்டினால் சில மழையிலேயே நிரம்பிவிடும்.

யாரும் கணக்கில் சேர்க்காத இன்னொன்று சாலை. ஜேசிபி வெட்டிய பாதையின் மண், குழாய்ப் பாலத்தின் வாயிலிருந்து ஒரே இடத்தில் கொட்டும் நீர், இரண்டும் நன்றாகப் பராமரித்த தோட்டத்தையும் அறுக்கும்.

பலன் உடனே தெரியும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஓடைப் படுகையில் ஏற்கெனவே தங்கிய வண்டல் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டல் சுமந்த சீனாவின் மஞ்சள் ஆற்றில், மேலே நடக்கும் மண் காப்பு வேலை விரைவில் வண்டலைக் குறைத்துவிடும் என்று நம்பி சான்மென்சியா அணையைக் கட்டினார்கள். 1960இல் நீர் தேக்கத் தொடங்கி, 1962க்குள்ளேயே தேக்கும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு வண்டல் வெளியேறச் சுரங்க வழிகளும் வெட்டினார்கள்.

அளந்து பார்ப்பதானால், ஓடையில் ஒரே இடத்தில், ஒரே நீர்மட்டத்தில், மழைக்கு மழை 1 லிட்டர் தண்ணீர் எடுங்கள். வடிகட்டி, உலர்த்தி, எடை போடுங்கள். தெளிந்த நாளில் எடுத்த தண்ணீரை வெள்ளத்தோடு ஒப்பிட்டால் எண் எதையும் சொல்லாது. வண்டலின் பெரும்பகுதி ஆண்டின் சில மழைகளிலேயே போய்விடுகிறது.