ஒரு நாளுக்கு ஒரு டப்பா: சிறிய இன நாய்க்குட்டிக்கு அளந்து உணவூட்டும் முறை

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு டாய் பூடில் குட்டி வந்த புதிதில், அதற்குக் காலை உணவு தினமும் மூன்று முறை கிடைத்துக்கொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் நான் கிண்ணத்தில் போடுவேன். பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும் பணிப்பெண், கிண்ணம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து மீண்டும் நிரப்புவார். ஒன்பது மணிக்குப் பசியாறும் என் மாமியார், காலடியில் வந்து உட்காரும் குட்டிக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுப்பார். மூவரும் அன்பினால்தான் செய்தோம், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதப் பரிசோதனையில், இரண்டு கிலோவை ஒட்டி இருக்க வேண்டிய குட்டி 2.4 கிலோ இருந்தது. மருத்துவர் என் விரல்களை அதன் விலாவில் வைத்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்று கேட்டார். தட்டுப்படவில்லை.

நானூறு கிராம்தானே என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு கிலோ உடலில் அது ஐந்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ உள்ள ஒருவர் பன்னிரண்டு கிலோ கூடியதற்குச் சமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களே பெரும்பாலும் வளர்க்கப்படுவதால், இந்தக் கணக்கு இங்குள்ள பல குடும்பங்களுக்குப் பொருந்தும். பொமரேனியன், சிவாவா, டாய் பூடில், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களில் முழங்கால் சில்லு விலகுவதும் மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்குவதும் அதிகம் காணப்படுகின்றன. கூடுதல் எடை இவ்விரண்டையுமே மோசமாக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், கொழுத்த நாயால் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்வதும் கடினம்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது உணவின் பிராண்டை அல்ல, அது கைமாறும் விதத்தை. காலையில் ஒரே ஒருவர், அன்றைய நாளுக்குரிய முழு உணவையும் சமையலறைத் தராசில் நிறுத்து, மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். வேளை உணவு, பழக்குவதற்குக் கொடுக்கும் பரிசு, பாட்டி ஆசையாகக் கொடுக்கும் இரண்டு துண்டு எல்லாமே அந்த டப்பாவிலிருந்துதான் வர வேண்டும். டப்பா காலியானால் அன்றைய உணவு முடிந்தது. இதைச் செய்தால், யார் எப்போது கொடுத்தார்கள் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அளக்கும் கோப்பையை நம்ப வேண்டாம். ஒரே கோப்பையை இருவர் நிரப்பினால், ஒருவர் தலைதட்டியும் மற்றவர் குவித்தும் அளப்பார்கள். பெரிய நாய்க்குப் பொருட்டில்லாத அந்தப் பத்து கிராம், நாளுக்கு ஐம்பது அறுபது கிராமே உண்ணும் குட்டிக்கு ஆறில் ஒரு பங்கு.

டப்பாவில் எவ்வளவு போடுவது? உணவுப் பையில் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அட்டவணை இருக்கும். அது ஒரு வேளைக்கானது அல்ல, ஒரு நாள் முழுவதற்குமானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். குட்டியின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை மீண்டும் ஒருமுறை அதே எடையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு கைத்தொலைபேசியின் கணிப்பானில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தி, வரும் எண்ணை 70 ஆல் பெருக்குங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு 8, 2.83, 1.68 என்று வந்து, இறுதியில் ஏறத்தாழ 118 கலோரி கிடைக்கும். ஓய்வாக இருக்கும் உடலுக்கே வேண்டியது இவ்வளவு. நான்கு மாதம் நிறையாத குட்டிக்கு இதைப் போல் மூன்று மடங்கும், அதற்குப் பிறகு வளர்ச்சி முடியும் வரை ஏறக்குறைய இரண்டு மடங்கும் தேவைப்படும். எங்கள் ஐந்து மாதக் குட்டிக்கு, இருக்க வேண்டிய எடையான இரண்டு கிலோவை வைத்துக் கணக்கிட்டபோது, நாளுக்கு 235 கலோரி வந்தது. நூறு கிராமுக்கு 380 கலோரி உள்ள உலர் உணவில் அது சுமார் 62 கிராம். உணவுக்கு உணவு இந்த எண் மாறும் என்பதால், பையின் பின்புறம் பார்த்துக்கொள்வது அவசியம். அதே இடத்தில், வளரும் குட்டிகளுக்கு அல்லது எல்லா வயது நாய்களுக்கும் ஏற்ற முழுமையான உணவு என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், தனியாகக் கால்சியம் மாத்திரையோ சத்துப்பொடியோ சேர்க்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு தொடக்கம் மட்டுமே. மீதியைக் குட்டியின் உடல்தான் சொல்ல வேண்டும். உங்கள் இடக்கையை மேசைமீது விரித்து வைத்து, புறங்கையின் எலும்புகள்மீது வலக்கை விரல்களை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் எலும்பு தெரியும், ஆனால் துருத்தாது. குட்டியின் விலா அப்படித்தான் உணரப்பட வேண்டும். கையை மூடி விரல் முட்டிகளைத் தடவினால் வரும் உணர்வு மெலிவுக்கும், உள்ளங்கையின் சதையைத் தடவினால் வரும் உணர்வு அதிக எடைக்கும் அடையாளம். மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று உள்வாங்கியும், பக்கவாட்டில் வயிறு பின்பக்கம் மேலேறியும் இருக்க வேண்டும். பொமரேனியன், சிட்சூ போன்ற அடர்ந்த முடியுள்ள இனங்களில் கண்ணை நம்ப முடியாது. குளிப்பாட்டி முடி நனைந்து ஒட்டியிருக்கும் நேரமே சோதிக்க நல்ல நேரம். நான் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் எடைபார்க்கும் கருவியில் ஏறுவதைவிட, சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து அதில் குட்டியை உட்கார வைத்தால் பத்து இருபது கிராம் மாற்றம்கூடத் தெரியும். எடை ஏறிவிட்ட குட்டியைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. அது இன்னும் வளர்கிறது. எடையை அதே இடத்தில் நிறுத்தி வைத்தால் உடல் வளர்ந்து எடைக்கு ஈடாகிவிடும். எங்கள் மருத்துவரின் அறிவுரையும் அதுவே.

வேளையைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிகச் சிறிய இனக் குட்டிகளின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. நீண்ட நேரம் உண்ணாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி, குட்டி தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டாலும் நிமிராமல் துவண்டுவிடும். அப்போது ஈறுகளில் சிறிது தேன் தடவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இதைத் தவிர்க்க, நான்கு மாதம் வரை டப்பாவின் உணவை நான்கு வேளையாகவும், ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும், அதன்பின் இரண்டு வேளையாகவும் பிரித்துக் கொடுங்கள். புதிய உணவுக்கு மாறுவதாக இருந்தால், பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள்.

இனி நம் வீட்டுச் சாப்பாடு. இடைத்தீனி எதுவானாலும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. எங்கள் குட்டிக்கு அது 23 கலோரி. ஒரே ஒரு மேரி பிஸ்கட்டிலோ பாதி இட்லியிலோ அந்தப் பங்கு முடிந்துவிடுகிறது; இதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய பிறகுதான் என் மாமியாருக்கு மனம் சமாதானமானது. அந்தப் பங்கைக் கொடுக்கும் நாளில் டப்பாவில் 62 கிராமுக்குப் பதில் 56 கிராம் மட்டுமே போடுகிறோம். இட்லிக்குப் பதில் உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு, வெள்ளரி, கேரட், பரங்கிக்காய் ஆகியவற்றை மாமியார் இப்போது தாமே நறுக்கி வைக்கிறார்.

அளவைவிடப் பெரிய ஆபத்தும் நம் சமையலில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும், வெந்தாலும் குழம்பில் கரைந்தாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே குழம்பு, ரசம், பிரியாணி எதையும் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சாக்லேட்டும், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டாலும் நஞ்சு. முறுக்கு போன்ற எண்ணெய்ப் பலகாரங்கள் கணைய அழற்சியைத் தூண்டலாம். தீபாவளியன்று வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் குட்டிக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்படுவார்கள். நாங்கள் அன்று டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி உணவைச் சிறு கிண்ணத்தில் எடுத்து வாசலருகே வைத்துவிடுகிறோம். கொடுக்க விரும்புவோர் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம்.

ஈரக்காற்றில் உலர் உணவு சீக்கிரம் காறிப்போகும் என்பதால், சிறிய பையாக வாங்கி, அந்தப் பையோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். ஈர உணவைக் கிண்ணத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். நடைக்குக் காலை எட்டு மணிக்கு முன்னரோ பொழுது சாய்ந்த பிறகோ கீழே இறங்குவது நல்லது.

கருத்தடை செய்த பிறகு உடலின் கலோரித் தேவை கால் பங்கு வரை குறையலாம், பசியோ கூடும். அளவை மாற்றாமல் விட்டால் எடை மளமளவென்று ஏறுவது அப்போதுதான். அறுவைச் சிகிச்சைப் புண் ஆறியதும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு டப்பாவின் அளவைச் சற்றுக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து மறுபடி திருத்துங்கள். சிறிய இனங்கள் பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடும். அதுவரை குட்டிகளுக்கான உணவையே கொடுத்து, அதன்பின் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாறும் நாளில், புதிய பையின் கலோரி எண்ணை வைத்துக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.