வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல்: எது எவ்வளவு ரகசியம் என்று நீங்களே பாருங்கள்

போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆப்பையும் இந்த வரிசையில் சோதித்தால் போதும்.

படி 1: பூட்டு தானாக விழுகிறதா?

எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருந்தால், செய்தியை அனுப்பியவரும் பெறுபவரும்தான் படிக்க முடியும்; நடுவில் இருக்கும் நிறுவனத்தால் முடியாது. சிக்னலில் இது எப்போதும் உண்டு. வாட்ஸ்அப்பும் 2016 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இதைத் தருகிறது, அதுவும் சிக்னலின் தொழில்நுட்பத்தை வைத்தே. ரகசியத்துக்குப் பேர்போன டெலிகிராமில்தான் சிக்கல். அதன் சாதாரண சாட்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. நண்பரின் புரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டு 'சீக்ரெட் சாட்' தொடங்க வேண்டும். குரூப்புக்கு அந்த வசதியே இல்லை.

படி 2: பேக்கப் எங்கே போகிறது?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வாட்ஸ்அப் சாட் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது அந்தப் பூட்டும் தானாகக் கூடவே போய்விடாது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்பை ஆன் செய்யுங்கள். 2021-இல் வந்த வசதி இது. பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைக்கச் சொன்னால் எங்காவது எழுதி வையுங்கள். தொலைத்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

சரி, நீங்கள் பூட்டிவிட்டீர்கள். நீங்கள் அனுப்பியதெல்லாம் எதிராளியின் பேக்கப்பிலும் இருக்குமே? அவரையும் ஆன் செய்யச் சொல்லுங்கள்.

படி 3: செய்தி தவிர வேறென்ன சேர்க்கிறார்கள்?

பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்பின் பக்கத்திலும் 'டேட்டா சேஃப்டி' பகுதி இருக்கும். மூன்றையும் அடுத்தடுத்துத் திறந்து ஒப்பிடுங்கள். (அதை நிரப்புவது அந்தந்த நிறுவனம்தான், கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.) என்னைக் கேட்டால், நடந்த கதை அதைவிட நம்பகமானது. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக சிக்னலிடம் பயனர் விவரம் கேட்டார்கள். கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் அவர்களிடம் தர இருந்தது. டெலிகிராமோ, சட்டப்படி கேட்டால் ஐபி முகவரியையும் போன் நம்பரையும் தருவோம் என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது.

படி 4: உங்கள் நம்பர் யாருக்குத் தெரிகிறது?

மூன்றிலுமே பிரைவசி பகுதியைத் திறந்து பாருங்கள். சிக்னலிலும் டெலிகிராமிலும் நம்பரை மறைத்து யூசர்நேம் மட்டும் கொடுத்துப் பேசலாம். வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் குரூப்பில் சேர்க்காமலிருக்க, 'குரூப்ஸ்' என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.