கேரிகாஃபாயில் கோட்டைக்குப் போகிறீர்களா?

அயர்லாந்தின் கெர்ரி பக்கம் போகிறவர்கள், பாலிலாங்ஃபோர்டு ஊருக்கு அருகே உள்ள இந்தக் கோட்டையைத் தவறவிடாதீர்கள். ஷானன் ஆற்றுக் கழிமுகத்தில், அலை ஏறி இறங்கும் இடத்திலேயே 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓ'கானர் குலத்தார் கட்டியது. அதனால் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ஏற்றத்தில் பாதையில் தண்ணீர் வரலாம்.

முதலில் மேற்குச் சுவருக்கு எதிரே நில்லுங்கள். 1580 ஈஸ்டர் சமயத்தில் வில்லியம் பெல்ஹாமின் ஆங்கிலப் படை இரண்டு நாள் பீரங்கியால் அடித்துச் சரித்த இடம் இன்றும் பிளந்தபடியே இருக்கிறது. உள்ளே சிக்கியவர்களைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பிளவு வழியாகச் சுவரின் கனமும் மாடிகளின் அமைப்பும் வெட்டி வைத்த மாதிரி தெரியும், வேறெங்கும் இப்படிப் பார்ப்பது அரிது. அப்புறம் சுழல்படிக்கட்டு: 100 படிகளுக்கு மேல், ஈரத்தில் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.