903-க்கு 7: ஒருதலையாக முடிந்த டெஸ்ட் மேட்சின் ஸ்கோர்கார்டைப் படிப்பது எப்படி

காவேரிப்பட்டணம் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளில் பல வருஷமாக நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன். சீசனில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டும் ஒரே மாதிரிதான், வந்த சரக்கும் போன சரக்கும் மீதியும் ஒத்துப்போனால்தான் அன்றைக்கு நோட்டை மூட முடியும். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் முதலில் கொடுப்பது 1938 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் ஸ்கோர்கார்டு. இங்கிலாந்து ஒரு இன்னிங்ஸ் மற்றும் 579 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது, இன்றுவரை டெஸ்டில் இதைவிடப் பெரிய இன்னிங்ஸ் வெற்றி கிடையாது. இழுபறியான மேட்ச் என்றால் எல்லோரும் வரி வரியாகப் பார்ப்பார்கள், இப்படி ஒருதலையாக முடிந்தது என்றால் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை விடவைக்கத்தான் இந்த ஸ்கோர்கார்டு.

ஒரு நீள நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிசல்ட் வரியைக் கையால் மூடிக்கொண்டு, முதலில் மேட்சின் நிபந்தனை என்ன, டாஸ் யாருக்கு என்பதைக் குறியுங்கள். இந்தத் தொடரில் ஆஸ்திரேலியா 1-0 என்று முன்னால் இருந்தது, இது கடைசி மேட்ச், அதனால் இதற்கு நாள் கணக்கே வைக்கவில்லை, முடிவு தெரியும்வரை ஆடலாம். டாஸ் ஜெயித்தவர் இங்கிலாந்து கேப்டன் வாலி ஹாமண்ட். பேட்டிங்குக்குத் தோதான ஆடுகளம், நேரத்துக்கும் எல்லை இல்லை என்றால் அவசரப்பட்டு அடிக்க வேண்டிய தேவையே இல்லை. இது மனதில் இருந்தால்தான் 335.2 ஓவரில் (335 ஓவரும் 2 பந்தும்) 903 ரன் என்பதன் அர்த்தம் புரியும். ஓவருக்கு 2.7 ரன்கூட வரவில்லை! இன்றைக்கு ஒரு நாளைக்கு 90 ஓவர் என்று வைத்துப் பாருங்கள், ஒரே இன்னிங்ஸுக்கு நாலு நாள் கிட்டத்தட்டப் போய்விடும்.

அடுத்து பேட்டிங் பகுதிக்குப் போகாமல் நேராக விக்கெட் விழுந்த வரிசைக்குப் போங்கள். 29, 411, 546, 547, 555, 770, 876. ஒவ்வொன்றிலிருந்தும் முந்தையதைக் கழித்தால் அந்த ஜோடி எடுத்தது கிடைக்கும். 29-க்கு முதல் விக்கெட், அப்புறம் லென் ஹட்டனும் மாரிஸ் லேலண்டும் சேர்ந்து 382. ஆனால் என் கண் எப்போதும் நடுவில் உள்ள அந்த மூன்று எண்களில்தான் நிற்கும். 546-லிருந்து 555-க்குள் ஹாமண்ட் 59-க்கும் பெய்ன்டர் 0-க்கும் காம்ப்டன் 1-க்கும் போய்விட்டார்கள். 9 ரன்னுக்கு 3 விக்கெட். அத்தனை பெரிய ஸ்கோருக்குள்ளும் பந்துவீச்சாளர்களுக்கு ஒரு நேரம் இருந்திருக்கிறது, மொத்த ஸ்கோரை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இப்போது கூட்டல். ஹட்டன் 364, எட்ரிச் 12, லேலண்ட் 187, ஹாமண்ட் 59, பெய்ன்டர் 0, காம்ப்டன் 1, ஹார்ட்ஸ்டாஃப் ஆட்டமிழக்காமல் 169, உட் 53, வெரிட்டி ஆட்டமிழக்காமல் 8. கூட்டினால் 853. எக்ஸ்ட்ரா பை 22, லெக் பை 19, வைடு 1, நோ பால் 8, ஆக 50. மொத்தம் 903, சரியாக வந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைக்காதீர்கள், பந்துவீச்சு பக்கத்தையும் கூட்டுங்கள். ஓ'ரைலி 178, ஃபிளீட்வுட்-ஸ்மித் 298, வெய்ட் 150, மெக்கேப் 85, பார்ன்ஸ் 84, ஹாசெட் 52, பிராட்மேன் 6. இதுவும் 853!

ஒரு நிமிஷம் யோசியுங்கள். நம் ஊர் மேட்சில் வைடும் நோ பாலும் போட்டவர் கணக்கில்தான் ஏறும். அப்படியானால் இங்கே வைடு 1, நோ பால் 8 சேர்ந்து 862 வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், அந்தக் காலத்தில் வைடு, நோ பாலைப் பந்துவீச்சாளர் கணக்கில் எழுதவில்லை என்பது கூட்டலிலேயே தெரிகிறது. விதி புத்தகத்தைத் திறக்காமல் நோட்டிலிருந்தே விதியைக் கண்டுபிடிக்கிற இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய ஸ்கோர்கார்டில் எது இடித்தாலும் தப்பு என்று அடித்துவிடாமல், அன்றைக்கு வழக்கம் என்ன என்று ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கோர்கார்டில் ஏறாதவையும் உண்டு, அதற்கு நோட்டில் ஓரம் விட்டு வையுங்கள். ஹட்டனுக்கு அப்போது வயது 22. 13 மணி நேரம் 17 நிமிஷம் நின்று 847 பந்து ஆடினார். பிராட்மேன் 1930-ல் லீட்ஸில் அடித்த 334-ஐயும், ஹாமண்ட் 1933-ல் ஆக்லாந்தில் எடுத்த 336-ஐயும் இந்த இன்னிங்ஸில்தான் தாண்டினார், அந்த இருவருமே இந்த மேட்சில் கேப்டன்கள். ஆனால் 40-ல் இருக்கும்போது ஃபிளீட்வுட்-ஸ்மித் பந்தில் அவரை ஸ்டம்பிங் செய்யும் வாய்ப்பை விக்கெட் கீப்பர் பார்னெட் விட்டுவிட்டார். ஃபிளீட்வுட்-ஸ்மித்தின் கணக்கு 87 ஓவர், 298 ரன், 1 விக்கெட். அந்த ஒரு வாய்ப்பை ஓரத்தில் எழுதிவிட்டுப் படித்தால் அந்த 298 மேல் ஒரு இரக்கம் வரும்.

ஆஸ்திரேலியாவின் இரண்டு இன்னிங்ஸையும் எடுத்தால் 201, 123. இங்கேதான் பையன்கள் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். "அண்ணா, எட்டு விக்கெட்தானே விழுந்திருக்கு, எப்படி ஆல் அவுட்?" என்று கேட்காத ஆளே இல்லை. கீழே பாருங்கள், பிராட்மேன், ஃபிங்கிள்டன் இருவர் பேருக்கு எதிரிலும் ஆப்சென்ட் ஹர்ட். ஆட ஆரம்பித்துக் காயத்தோடு வெளியே போனால் ரிட்டயர்ட் ஹர்ட், களத்துக்கே வர முடியவில்லை என்றால் ஆப்சென்ட் ஹர்ட். பந்துவீச்சில் பிராட்மேன் பேருக்கு எதிரில் 2.2 ஓவர் என்று முறிந்து நிற்கிறது அல்லவா, அங்கேதான் விஷயம். தன் மூன்றாவது ஓவரில் கணுக்கால் மடங்கி எலும்பு முறிந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹாமண்ட் டிக்ளேர் செய்தது, அதாவது போதும் என்று இன்னிங்ஸை முடித்துக்கொண்டது, அதற்குப் பிறகு. அதே தொடரில் அதற்கு முன் ஆடிய மூன்று டெஸ்டிலும் ஒவ்வொரு சதம் அடித்தவர் பிராட்மேன். அவர் ஆடியிருந்தாலும் இங்கிலாந்துதான் ஜெயித்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் 579 என்ற எண்ணை ஒன்பது பேர் மட்டும் ஆடிய அணியின் எண்ணாகத்தான் படிக்க வேண்டும். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்தின் பவுஸ் 49 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்ததை இதனால் குறைத்துச் சொல்லவில்லை, அது நல்ல பந்துவீச்சு.

இப்போது கையை எடுத்து ரிசல்ட்டைப் பார்க்கலாம். 903-லிருந்து 201 போனால் 702. அதிலிருந்து இரண்டாவது இன்னிங்ஸின் 123 போனால் 579. இங்கிலாந்து இரண்டாவது முறை ஆடவே இல்லை, அதனால்தான் இன்னிங்ஸ் வெற்றி. அப்புறம் தொடரின் கணக்கையும் எழுதுங்கள்: 1-1. தொடர் சமன் ஆனதால், இந்த இரண்டு அணிகளும் மோதும் டெஸ்ட் தொடரின் கோப்பையான ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே இருந்தது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் கோப்பை கைமாறவில்லை.

இதைச் செய்து முடித்தவர்களுக்கு அடுத்தது நம் நாட்டு மேட்ச், 1974 லார்ட்ஸ். இங்கிலாந்து 629, இந்தியா 302, பிறகு 42. வித்தியாசத்தை நீங்களே போடுங்கள். அந்த 42-ல் சோல்கர் மட்டும் ஆட்டமிழக்காமல் 18. இங்கிலாந்து பந்துவீச்சாளர்கள் ஓல்ட் 5, ஆர்னால்ட் 4 என்று எடுத்த விக்கெட்டைக் கூட்டினால் 9 வரும். பத்தாவது ஆள் எங்கே போனார் என்பதை ஸ்கோர்கார்டிலேயே தேடுங்கள், கிடைக்கும்.