தலைப்பிரசவ பயத்துக்குத் தியானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தியான வகுப்புக்குப் புதிதாக வரும் கர்ப்பிணிகள், தலைச்சன் பிள்ளையைச் சுமந்தபோது நான் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பாதியில் தூங்கிப்போவது, ஒருநாள் விட்டுப்போவதெல்லாம் பெரிய விஷயமில்லை.

சுகமான நேரத்தில் மட்டும் பழகுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். மெத்தென்று தலையணை, மங்கல் விளக்கு, காதில் இசை. எழும்போது ‘மனசு லேசாயிடுச்சு’. முதல் வலி இழுத்ததுமே அந்த லேசு போய்விடும். ‘நான் சரியாப் பழகலையோ’ என்ற குற்ற உணர்வும் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். பயந்தால் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடத்தான் செய்யும்.

அமெரிக்க மருத்துவச்சி நான்சி பார்டேக் 1998இல் தொடங்கிய பிரசவத் தியான வகுப்பில் ஐஸ் கட்டிப் பயிற்சி உண்டு. உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். முதலில் வெறும் குளிர். பிறகு சுரீரென்று எரியும், விரல் தானாக விரியும், தோள் காதுவரை ஏறும். அதைக் கவனித்துத் தோளை இறக்கி, மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். பிறகு கட்டியை வைத்துவிட்டு ஓய்வு. பிரசவ வலியும் முற்றியபின் ஒரு நிமிடம்போல இழுத்துப் பிடிக்கும், பிறகு விடும். அந்த இடைவெளியில் அடுத்த வலியை நினைத்துப் பதறாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.

என் வகுப்பில் ஒரு பெண் ஐஸைப் பிடித்தபடி கணவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். “வலிக்கவே இல்லக்கா” என்றார். பேசாமல் பிடிக்கச் சொன்னேன். பாதியிலேயே கீழே போட்டுவிட்டார். அவருக்குப் பயிற்சி ஆரம்பமானதே அப்போதுதான்.

‘சரியாக மூச்சு விட்டால் வலியே இருக்காது’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

மூச்சை அடக்குவது

கர்ப்பத்தில் கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்தி வைப்பது, வேண்டாம்.

வேகவேகமாக மூச்சு வாங்குவது

விரல் நுனி மரத்துத் தலை கிறுகிறுக்கும். மெதுவாக விடுங்கள்.

மல்லாந்து படுத்துச் செய்வது

வயிறு பெரிதானபின் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும்; மயக்கம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், இல்லையேல் சாய்ந்து உட்காருங்கள்.

‘தியானம் இருக்கே, ஊசி எதுக்கு?’

இரண்டுக்கும் சண்டையே இல்லை. எபிடியூரல் எனும் முதுகில் போடும் வலி மறப்பு ஊசியைப் போட்டுக்கொண்டும், சிசேரியன் மேசையில் படுத்துக்கொண்டும் மூச்சைக் கவனிக்கலாம்.

எல்லாப் பயத்தையும் தியானத்தின் தலையில் கட்டுவது

தூக்கம் போய், பரிசோதனைக்குப் போகவே கால் வராவிட்டால் அது டோகோஃபோபியா எனும் தீவிர பிரசவ அச்சமாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அனுப்புவார். பழைய அதிர்ச்சி ஏதும் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடினாலே படபடப்பு கூடலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே செய்யட்டும், அதுவும் கொஞ்ச நேரம்.