நீர்க்கரடி எந்த இனம்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியில் நீர்க்கரடியை (டார்டிகிரேட் எனப்படும் மிகச்சிறிய விலங்கு) அடையாளம் காண்பது சுலபம். நான்கு ஜோடிக் கால்கள், தடுமாறித் தடுமாறி நகரும் குண்டு உடல். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அது எந்த இனம் என்று சொல்வதுதான் கஷ்டம். பெரும்பாலான தவறுகள் வெளித்தோற்றத்தை நம்புவதில்தான் தொடங்குகின்றன.

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குடலில் கிடக்கும் உணவுகூட உடலுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடும். நீளமும் வயதோடு மாறும். கண்புள்ளி இருக்கிறதா என்பதை விலங்கு உயிரோடு இருக்கும்போதே குறித்துவையுங்கள். கண்ணாடித் தகட்டில் விலங்கைப் பதிக்கப் பயன்படும் ஹோயர் ஊடகத்தில் பதித்தபின் அது பல சமயம் மறைந்துவிடும்.

முதுகில் தகடுகளும் தலையில் இழைகளும் இருந்தால் அது எக்கினிஸ்கஸ் என்ற பேரினத்தின் வகையறா. பாசியில் கிடைப்பது வழவழப்பாக இருந்தால், அடுத்து வாயையும் தொண்டையையும் பாருங்கள். அங்கேதான் நிறைய விஷயம் இருக்கிறது. வாய்க்குழாய், அதன் இருபுறமும் ஊசி போன்ற ஸ்டைலெட்டுகள், பின்னால் தசைக்குமிழ். மேக்ரோபயோட்டஸ் ஹுஃபெலாண்டி என்ற இனத்தில் குமிழுக்குள் இரண்டு வரிசை பெரிய பிளகாய்டுகளும் (குமிழின் உள்ளே இருக்கும் கெட்டியான சிறு தடிப்புகள்), அவற்றுக்குப் பின்னால் ஒரு சிறிய பிளகாய்டும் தெரியும். மில்னீசியம் என்ற பேரினத்தில் பிளகாய்டே கிடையாது. வாயைச் சுற்றிச் சிறு முனைப்புகள் இருக்கும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. தோலுரிக்கும் கட்டத்தில் நீர்க்கரடி தன் பழைய வாய்க்குழாய், ஸ்டைலெட்டுகளையெல்லாம் வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் சிக்கிய விலங்கைப் பார்த்து "இதற்கு பிளகாய்டு இல்லை" என்று எழுதினால் எல்லாமே தப்பாகிவிடும். ஸ்டைலெட்டும் சேர்ந்து காணவில்லையென்றால் அந்த விலங்கை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

வாய்க்குழாயின் நீளத்தில் மற்ற உறுப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது வழக்கம். சாய்ந்து கிடக்கும் குழாயை அளந்தால் அது குட்டையாகத் தெரியும், எல்லா விகிதமும் கெட்டுப்போகும். நேராகப் படுத்த விலங்கை மட்டும் அளக்கவும்.

அப்புறம் நகங்கள். ஒரே காலில் உள்ள இரட்டை நகங்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா, ஹிப்சிபியஸ் என்ற பேரினத்தில் போல வடிவத்தில் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். சில மில்னீசியம் இனங்களில் வளரவளர நகமுனைகளின் எண்ணிக்கையே மாறும். எக்கினிஸ்கஸ் குஞ்சுக்குக் காலுக்கு இரண்டே நகம்; வளர்ந்ததற்கு நான்கு. ஒரு குஞ்சை மட்டும் வைத்துப் புது இனம் என்று நினைத்துவிடக் கூடாது.

முட்டையைத் தேடாமல் விடுவதும் பெரிய இழப்பு. மேக்ரோபயோட்டஸ் குழுவில் வளர்ந்த விலங்குகள் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். இனத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் முட்டை ஓட்டின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல நிற்கும் முனைப்புகள்தான். மாதிரியைத் தூக்கிப்போடுவதற்கு முன் அடியில் தங்கிய வண்டலையும் பொறுமையாகப் பாருங்கள்.

பழைய பெயரை அப்படியே ஒட்டுவதிலும் கவனம் தேவை. ஆய்வகங்களில் நெடுங்காலம் ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்று வளர்க்கப்பட்டது, 2018-இல் ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ் என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. மில்னீசியம் டார்டிகிராடமும் அப்படித்தான். உலகெங்கும் கிடைத்ததையெல்லாம் அந்தப் பெயரில் போட்டுவந்தார்கள். 2012-இல் அதை மறுபடி துல்லியமாக விவரித்த பிறகுதான் அந்தப் பதிவுகள் பலவும் சந்தேகத்துக்குரியவை என்று தெரிந்தது. முட்டையோ தெளிவான நகமோ கிடைக்காதபோது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, படத்தையும் அளவுகளையும் சேர்த்து வையுங்கள்.